நூறு ரூபாய்க் கடன் என்ன விலை?

பாம்பன்,
ஜூன் 8

அன்புக் கூட்டாளிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரம். 14-ம் தேதி தாண்டினால்தான் விசைப்படகுகள் கடலுக்குப் போகும்.

மச்சான் விஷயம் கேட்டிருந்தாய். தங்கச்சியின் ஆபரேஷனுக்கு 80,000 கடன் வாங்கி ஏழு தவணை கட்டினான். அப்புறம் தடைக்காலம் வந்தது, வருமானம் நின்றது, தவணையும் நின்றது. இரண்டு வருடம் கழித்து, பேர்கூடக் கேள்விப்படாத ஒரு கம்பெனி 1,30,000 கேட்டுப் போன் செய்கிறது. பத்தே நாளில் "45,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்று இறங்கி வந்தார்கள். தங்கச்சி தோட்டைக் கழற்றி கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எப்படி இவ்வளவு இறங்க முடிகிறது என்று தேடிப் படித்தேன். கடன் கொடுத்தவர்கள் வராத கடனை இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு மலிவாக விற்றுவிடுகிறார்கள். நம் கரையில் மீன் ஏலம் மாதிரிதான். வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்ப்பான். இவர்கள் கடைசியாகப் பணம் கட்டிய தேதியைப் பார்க்கிறார்கள். போன் நம்பர் வேலை செய்கிறதா, கடன் பத்திரம் கைக்கு வருமா, ஏற்கெனவே எத்தனை வசூல் ஏஜென்சி அலைந்து பார்த்துவிட்டது என்றும் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே குவியலாக வாங்குவார்கள். அதில் எவ்வளவு வசூலாகும் என்று கணித்து, வசூல் செலவையும் லாபத்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அவர்கள் கேட்கும் விலை. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் (எஃப்டிசி) கடன் வாங்கும் பெரிய கம்பெனிகளின் கணக்கை வாங்கிப் பார்த்து 2013-ல் அறிக்கை விட்டது. 100 டாலர் கடனைச் சராசரியாக 4 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு உட்பட்டது கிட்டத்தட்ட 8 டாலர். ஆறு வருடம் தாண்டியது 2 டாலர் சொச்சம். 15 வருடம் தாண்டினால் ஏறக்குறைய சும்மா. நம் நாட்டிலும் 2002 சர்ஃபாசி சட்டப்படி ரிசர்வ் வங்கியில் பதிந்த ஏஆர்சி (சொத்து மறுசீரமைப்பு) கம்பெனிகள் வங்கிகளின் வாராக்கடனை வாங்குகின்றன. மச்சான் கடன் என்ன விலைக்குப் போனதோ, அதை அவனிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

எனக்கு ஆறாதது இதுதான். இந்தத் தள்ளுபடியை முதலில் அவனிடம் சொல்லியிருந்தால், கடன் கொடுத்தவர்களுக்கே கட்டியிருப்பானே! "வாங்கினது வாங்கினதுதான், கட்டத்தான் வேணும்" என்று இன்றைக்கும் சொல்கிறவன் அவன். அப்படிப்பட்டவனை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு மிரட்டுகிறார்கள். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது.

தோட்டை விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடனை மாற்றிக் கொடுத்த கடிதமும் கணக்கு விவரமும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். வழக்குப் போட மூன்று வருடக் கெடு. அதற்குள் கடனை எழுதி ஒப்புக்கொண்டால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். நியாயமான தொகைக்கு வந்தால் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றை வாங்கிவிடலாம். ஆனால் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபிலில் 'செட்டில்டு', அதாவது முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தது என்று நிற்குமாமே, அடுத்த கடனுக்கு அது எவ்வளவு இடிக்கும்? நீ வங்கியில் இருந்தவன். அவர்கள் பதில் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்.

உன்,
பழைய கூட்டாளி