'அது எனக்குப் பிடிக்காது' என்பதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இசை ரசனை என்றாலே யாருக்கு எந்தப் பாடகர், எந்தக் காலத்துப் பாட்டு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படிக் கேட்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒத்துவராது என்று ஒதுக்கப்படும் இசை பல சமயம் முழுதாகக் காதில் விழாமலேயே ஒதுக்கப்படுகிறது.

செல்போன் ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. விரல் நுனி அளவு ஸ்பீக்கரால் அதற்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்குச் சில நூறு அதிர்வுக்குக் கீழே உள்ளதெல்லாம் மங்கிவிடும். மேலே கேட்கும் அதிர்வுகளை வைத்து மூளை சுருதியை ஊகித்துக்கொள்வதால் மெட்டு புரியும், கனம் வராது. மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் நாதம் அந்த ஸ்பீக்கரில் பாதிக்கு மேல் போய்விடும். மெட்டை நம்பிய பாட்டு தப்பிக்கும். அடிநாதத்தை நம்பிய இசை தகரச் சத்தமாகும். காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண இயர்போன் போதும். ரப்பர் முனை சற்றே தளர்ந்தாலும் கீழ்நாதம் கசிந்துவிடும் என்பதால், கூடவே வரும் எல்லா அளவு முனைகளையும் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது இன்னொரு தவறு நேர்கிறது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒன்றிரண்டு கூடுதலாக ஒலிப்பது நம் காதுக்கு 'நன்றாக' இருப்பதாகவே தோன்றும். சத்தம் குறையக் குறைய, கீழ்நாதம்தான் முதலில் நம் காதுக்கு எட்டாமல் போகும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பழக்கமும் பெரிய விஷயம். பாலித்தீவின் கமலான் இசையில் ஒரே சுரத்துக்கான இரட்டை வாத்தியங்களை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பார்கள். அந்த விலகல் எழுப்பும் அலையடிப்புதான் அவர்களுக்கு உயிர். பழகாத காது சுருதி பிசகு என்று சொல்லிவிடும். பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே பழங்குடி மக்களிடம் நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது: நமக்கு இனிமையாக ஒலிக்கும் சுரச்சேர்க்கையையும் உறுத்தும் சேர்க்கையையும் அவர்கள் ஒரேபோல் இனிமையானவை என்றே சொன்னார்கள். இனிமையில் எவ்வளவோ பகுதி வளர்ந்த சூழல் கற்றுக்கொடுத்தது.

புதிய இசையைப் பழக ஒரு வழி உண்டு. ஆறு முதல் பத்து நிமிடம் வரும் ஒரே ஒரு உருப்படியைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் வேறு வேலை இல்லாமல் கடைசிவரை கேளுங்கள். அடுத்த நாள் ஆகக் கீழே ஒலிக்கும் வாத்தியத்தை மட்டும் தொடருங்கள். மூன்றாம் நாள் கையால் தட்டி, தாளம் எத்தனை எண்ணிக்கையில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். நான்காம் நாள் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். அடுத்து என்ன வரும் என்று காது எதிர்பார்க்கத் தொடங்கியதும் ரசனை துளிர்க்கும். எதிர்பார்த்தது வருவதும், வராமல் ஏய்ப்பதும்தான் இசை தரும் சுகத்தில் பெரும்பங்கு. ஒரே நாளில் பத்து முறை கேட்டால் பழகுவதற்கு முன்பே சலித்துவிடும். முதல் அரை நிமிடத்தில் தள்ளிவிடுவது அதைவிட மோசம்; ஆலாபனைபோல் மெதுவாக விரியும் இசை அதற்குள் வாயே திறந்திருக்காது. இத்தனைக்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் அது உண்மையான பிடிக்காமை, தாராளமாக ஒதுக்கலாம்.

காது நன்றாகக் கேட்டும் எந்த இசையிலும் இன்பம் காணாதவர்கள் சிலர் இருப்பதை 2014-ல் பார்சிலோனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களை ரசனை கெட்டவர்கள் என்று பேசுவது தவறு.

இயர்போனைப் பரிந்துரைத்துவிட்டு எச்சரிக்கையை விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் 4 மணி நேரம்தான்.

உங்கள் இசை விமர்சனப் பகுதிக்கு ஒரு வேண்டுகோள். 'அருமை', 'சுமார்' என்ற தீர்ப்போடு, அந்த உருப்படி எத்தனை நிமிடம், தாளம் என்ன, எந்த இடத்தில் எந்த வாத்தியத்தைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்