கீறல் சிறிதானால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்புரை அறுவையில் கீறல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று தங்கள் இதழின் கட்டுரை முடித்திருந்தது. கருவிழியின் வடிவத்துக்கு இது பெரிதும் பொருந்தும். கண் வறட்சிக்கு அப்படியே பொருந்தாது.

முன்பு 10 முதல் 12 மி.மீ. வரை திறந்து தையல் போட்டார்கள். தையல் இறுகினால் அந்தத் திசையில் கருவிழியின் வளைவு கூடும், தளர்ந்தால் தட்டையாகும். எதுவானாலும் கண்ணாடியில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர், ஏறும். தையலில்லாத சிறுகீறல் முறையில் 6 மி.மீ. அளவுக்குத் திறந்தாலும், சுரங்கம் போல உள்ளே செல்லும் அந்தக் கீறல் வெண்விழியில் தொடங்குவதால் கருவிழி அவ்வளவாக இழுபடுவதில்லை. மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையில் 2.2 முதல் 2.8 மி.மீ. போதும். இந்த எல்லைக்குள் இன்னும் அரை மி.மீ. குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். அதைவிட இடம் முக்கியம். கருவிழி குறுக்குவாட்டில் சற்று அகலம் என்பதால், நெற்றிப்பொட்டுப் பக்கம் போடும் கீறல் பார்வை மையத்திலிருந்து தள்ளி அமைகிறது. மேலிமையும் அதை அழுத்தாது.

அளவுக்கு மீறிச் சுருக்கினால் வேறு வினை. ஃபேக்கோ ஊசியைச் சுற்றிய உறை நெரிபட்டால் குளிர்விக்கும் நீர் தடைபட்டு, கீறலின் விளிம்பு சூட்டில் வெந்துவிடும். வெந்த விளிம்பு தானாக மூடாது. தையல் போட வேண்டும். சிலிண்டர் பவரும் தாறுமாறாக ஏறும். இடம் போதாமல் செயற்கை லென்ஸைத் திணித்தாலும் விளிம்பு கிழியும்.

இனி வறட்சி. கருவிழி நரம்புகள் ஓரத்திலிருந்து மையம் நோக்கி ஓடுகின்றன. அவை அறுபட்டால் அந்தப் பகுதியில் உணர்ச்சி மங்கும், இமைப்பதும் கண்ணீர் சுரப்பதும் குறையும். பெரிய கீறலில் அதிக நரம்புகள் அறுபடும் என்பது உண்மையே. ஆனால் நுண்ணோக்கியின் வெளிச்சம், கிருமிநீக்கும் அயோடின் கரைசல், பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் கலந்த சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விடுவது ஆகியவையும் கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்துகின்றன. உறுத்தல் முதல் மாதத்தில் அதிகம். பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களில் தணியும். அதற்காகச் சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. பதப்பொருள் இல்லாத மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கட்டுரை தொடாமல் விட்டது அறுவைக்கு முந்தைய சோதனையை. வறண்ட கண்ணில் கருவிழி வளைவை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வரும். அதை நம்பி லென்ஸ் பவரைக் கணக்கிட்டால் 2.2 மி.மீ. கீறலும் காப்பாற்றாது. சிலிண்டர் பவரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் என்றால், அதைப் பொருத்த வேண்டிய அச்சும் பிசகும். முதலில் கண்ணீரையும் இமை எண்ணெய்ச் சுரப்பிகளையும் பார்த்து, குறையிருந்தால் சில வாரங்கள் சிகிச்சை தந்து, எண்கள் நிலைத்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண் மருத்துவர் ஒருவர்