தாத்தா வரட்டும், கணக்குப் பார்க்க வேண்டாம்: கேரல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஸ்தோத்திரம்.

இன்னும் சில வாரத்தில் டிசம்பர் வந்துவிடும். டிரம்ஸ் அடிக்க யாரைக் கூப்பிடுவது, டாடா ஏஸ் வண்டிக்கு வாடகை எவ்வளவு, ஜெனரேட்டர் எங்கே எடுப்பது, போன வருஷத்துச் சிவப்புச் சட்டை இந்த வருஷம் யாருக்குச் சேரும் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்திருக்கும். அந்தப் பேச்சு முடிவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சபை வாலிபர்களை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து மார்த்தாண்டம் வரை கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் எல்லாக் குழுக்களுக்கும், அந்தக் குழுவிடம் சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்து "எங்க பாப்பா பேரைச் சொல்லிக் கொடுத்துருங்க" என்று ஏற்பாடு செய்யும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் 16 வருஷமாக ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் முடிந்து வந்த முதல் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டார்கள், ஒரு பையன் மட்டும் பாய் சுருட்டுகிற சாக்கில் பின்னாலேயே நின்றான். ஏழு வயது. அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைப் பார்க்கிறவர். பாயைச் சுவரோரம் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "டீச்சர், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. கேரல் வந்த அன்று அவன் தெருவில் ஒரு வீட்டில் தாத்தா வண்டியிலிருந்து சைக்கிளை இறக்கி, மைக்கில் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி, "இந்த வருஷம் நல்ல பிள்ளையா இருந்ததால தாத்தா உனக்குச் சைக்கிள் கொண்டுவந்திருக்கேன்" என்று அறிவித்திருக்கிறார். மூன்று வீடு தள்ளி இவன் வீட்டு வாசலில் அதே தாத்தா ஆடினார், இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், இரண்டு மிட்டாய் கொடுத்தார், போய்விட்டார்.

அன்று ராத்திரியிலிருந்து அந்த ஞாயிறு வரை அவன் தேடிக்கொண்டே இருந்திருக்கிறான். அம்மாவிடம் ஒரு நாள் பொய் சொன்னது, பள்ளிக்கூடத்தில் ஒருவனைத் தள்ளிவிட்டது, ஜெபத்தின்போது கண்ணைத் திறந்தது என்று வரிசையாக என்னிடம் சொன்னான். இதில் எது டீச்சர் என்று கேட்டான்.

பையன் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நல்ல பிள்ளைக்குத் தாத்தா பரிசு தருவார் என்று நாம் சொல்லிக்கொடுத்தோம். தனக்குத் தரவில்லை என்பதை அவனே பார்த்தான். அப்புறம் அவன் வேறு எந்த முடிவுக்கு வர முடியும்? சைக்கிள் வாங்க அந்த வீட்டு அப்பாவிடம் காசு இருந்தது, உன் அம்மாவிடம் இல்லை என்ற ஒரே உண்மையைத்தான் நாம் எல்லாரும் சேர்ந்து சிவப்புத் துணி போட்டு மறைத்து வைத்திருந்தோம். ஏழைப் பிள்ளைக்குத் தன் வீட்டில் காசு இல்லை என்பது தெரியும், அதை அது தாங்கிக்கொள்ளும், தினமும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தான் கெட்ட பிள்ளை என்பதை எப்படித் தாங்கும்?

தாத்தா வேஷமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் மூத்தவர்கள் நம் சபைகளில் உண்டு. இது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, குளிர்பானக் கம்பெனி விளம்பரத்துக்காக உண்டாக்கியது, பிள்ளைகளின் கண் ஆண்டவரை விட்டுத் தாத்தா மேல் போகிறது என்பார்கள். கோகோ கோலா விளம்பரத்தில் அந்தக் குண்டுத் தாத்தா 1931லிருந்து வந்தார் என்பது நிஜம்தான், ஆனால் அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அவர் இருந்தார். பிரான்சில் டிஜோன் நகரத்தில் 1951 டிசம்பர் 23 அன்று, பேராலய வாசலில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி நிறுத்தி அவர்கள் கண் முன்னாலேயே கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தைத் தீ வைத்து எரித்தார்கள். பொய்யை எரிக்கிறோம் என்றுதான் எரித்தார்கள். அதைப் படித்தபோது ஒரு ஞாயிறு பள்ளி டீச்சராக எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தீயைப் பார்த்து நின்ற பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டிருக்கும்? மறுநாளே அவர் நகர மன்றக் கட்டடத்தின் கூரைமேல் வந்து நின்றாராம், பார்க்கக் கூட்டமும் கூடியதாம்.

பிள்ளைகளுக்குக் கற்பனை வேண்டும். நாம் மட்டும் எதில் வளர்ந்தோம்? நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்றார்கள், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னார்கள், அப்போதுதான் நல்ல பல் முளைக்கும் என்றார்கள், எறிந்துவிட்டுக் காத்திருந்தோம். யாரும் நம்மை ஏமாற்றிவிட்டதாக இன்றைக்கு நாம் நினைப்பதில்லை. ஏனென்றால் நிலாவில் இருக்கும் பாட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு வடையும் எனக்கு அரை வடையும் கொடுத்ததில்லை. பல் எல்லாப் பிள்ளைக்கும் முளைத்தது.

ஆனால் பூச்சாண்டியும் இருந்தான். சாப்பிடாவிட்டால் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்பார்கள், அந்தப் பயம் இருட்டில் கொல்லைப்பக்கம் போகும்போது கூடவே வந்தது. இப்போது கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பூச்சாண்டியாக்கி வைத்திருக்கிறோம். "இவன் சாப்பிடவே மாட்டேங்கிறான், நீங்களே கேளுங்க தாத்தா" என்று அம்மா சொல்ல, முகமூடி போட்ட நீங்கள் விரலை ஆட்டி அதட்ட, நடு ராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்த இரண்டு வயதுப் பிள்ளை அம்மா தோளில் முகத்தைப் புதைத்து வீறிடுகிறது, நாம் எல்லாரும் சிரித்து ஃபோனில் படம் எடுக்கிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அம்மாமார் கேட்டாலும் நீங்கள் அதட்டாதீர்கள்.

நல்லது கெட்டது பார்த்துக் கணக்கு வைக்கும் வேலை அவருக்கு அப்புறம் சேர்ந்தது. நெதர்லாந்தில் டிசம்பர் 5 ராத்திரி பரிசு கொடுக்கும் சின்டர்கிளாஸ் கையில் ஒரு பெரிய புத்தகம் இருக்கும், அதில் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வருஷம் எப்படி நடந்தது என்று எழுதியிருக்கும் என்பார்கள். இந்தத் தாத்தாவுக்கெல்லாம் மூலம் நிக்கொலாஸ் என்ற பேராயர், 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரில் இருந்தவர். அவரைப் பற்றிச் சொல்லிவரும் கதையை நான் என் வகுப்பில் ஒவ்வொரு டிசம்பரும் சொல்கிறேன். நொடித்துப்போன ஒரு மனிதருக்கு மூன்று பெண் பிள்ளைகள், சீதனம் கொடுக்க வழியில்லை, அந்தப் பெண்களை விற்றுவிடும் நிலைக்கு வந்துவிட்டார். ராத்திரியில் யாரும் பார்க்காதபடி ஜன்னல் வழியாக ஒரு பொன் முடிப்பு வந்து விழுகிறது, மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிறது. அடுத்தவளுக்கும் அப்படியே. மூன்றாவது முறை அந்த அப்பா தூங்காமல் ஒளிந்திருந்து ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறார், நிக்கொலாஸ் அவரிடம் யாருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறார்.

நம் ஊரில் சீதனம் என்ற வார்த்தையைச் சொன்னதும் பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அவர்கள் வீட்டிலேயே அந்தக் கவலை இருக்கும். அந்தக் கதையில் நிக்கொலாஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, உங்கள் மகள் கீழ்ப்படிகிறாளா, பாடம் படிக்கிறாளா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் இல்லை என்று தெரிந்தது, போட்டார். நாம் செய்வது அப்படியே தலைகீழ். இருக்கிற வீட்டுக்கு, அந்த வீட்டுக் காசிலேயே வாங்கிய பொருளை, மைக்கில் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெற்றோர் சிலருக்கு வேறொரு பயம் உண்டு, எனக்கும் இருந்தது. என் மகள் எட்டு வயதில் தாத்தாவின் செருப்பைப் பார்த்துவிட்டாள். அது அவள் சித்தப்பாவின் செருப்பு, வார் அறுந்து அவள் அப்பாவே தைத்துக் கொடுத்தது. குழு போனதும் அடுக்களைக்கு வந்து, "அம்மா, உண்மையைச் சொல்லு, அது சித்தப்பாதானே?" என்றாள். நான் இல்லை என்றேன். நம்ப விருப்பமில்லாமல் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நாலு நாள் கழித்துப் படுக்கையில் கேட்டாள்: "அப்போ இயேசப்பாவும் நீங்க சொல்றதுதானா?"

முதலில் சொன்னது விளையாட்டு. அடுக்களையில் சொன்னதுதான் பொய். இந்த இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் எனக்கு அந்த ராத்திரிதான் புரிந்தது. பிள்ளை விளையாட்டுக்குள் இருக்கும்வரை நாமும் கூட விளையாடலாம், ஆனால் அது வெளியே வந்து நின்று நம் கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்து சொன்னேன், அம்மா உன்னிடம் பொய் சொன்னேன், தப்பு என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பிக்குத் தெரியாதுல்ல? அடுத்த வருஷம் அவன் பொட்டலத்தை நான் கட்டுறேன்" என்றாள். இயேசப்பாவைப் பற்றிய கேள்விக்கு அன்று ராத்திரி முழுவதும் பதில் சொல்லி முடியவில்லை, இன்றும் கேட்கிறாள், இன்றும் பேசுகிறோம், அது நல்லதுதான்.

அவள் அழாதது அதிசயமும் இல்லை. இப்படித் தெரிந்துகொண்ட பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் கேட்டு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 1994ல் வந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்ததில் அவர்களுக்குச் சந்தோஷமே அதிகம். வருத்தப்பட்டது பெற்றோர்தான். அதனால் பெற்றோர்களே, பிள்ளை கேட்ட பிறகும் நாம் இழுத்துப் பிடிப்பது யாருக்காக என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, தம்பிமாரே, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பேர் எழுதிய பொட்டலத்தை எந்த வீட்டிலும் வாங்காதீர்கள். சைக்கிளோ வாட்சோ பொம்மை காரோ எதுவாக இருந்தாலும், அப்பா அம்மா தாங்கள் வாங்கினது என்று சொல்லித் தாங்களே பிள்ளை கையில் கொடுக்கட்டும். உழைத்துச் சம்பாதித்து வாங்கிக் கொடுத்ததைத் தாத்தா பேரில் எழுதிவைக்க என்ன அவசியம்? தாத்தா கையிலிருந்து போவது எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான், உங்கள் பாஸ்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான். வீட்டில் கொடுக்கும் காணிக்கைக் கவரில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்க முடியுமா என்று கமிட்டியில் கேளுங்கள். ஒரு கலர் பென்சில் டப்பா, ஒரு முந்திரிக்கொத்துப் பொட்டலம், அது போதும். "நல்ல பிள்ளையா இருந்தியா?" என்ற கேள்வியை மட்டும் மைக்கில் கேட்கவே வேண்டாம். ஆடுங்கள், பாடுங்கள், வயிற்றில் கட்டிய தலையணை நழுவினால் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு பிடித்துக் கட்டிவிடட்டும்.

காசு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு என்னிடம் வாருங்கள். துணிப்பை தைப்பது என் பொறுப்பு, எங்கள் தெருவில் தையல் மெஷின் உள்ள இரண்டு அக்காமாரிடம் ஏற்கனவே பேசிவிட்டேன்.

அப்புறம் அந்தப் பையன். அவனுக்கு இப்போது பத்து வயது. அன்று நான் அவனிடம், நீ ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு எங்களுடையது என்று சொன்னேன், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு டிசம்பரும் கேரல் வரும் ராத்திரியில் அவன் கதவைத் திறக்கவில்லை என்று அவன் அம்மா சொன்னார். இந்த வருஷம் உங்கள் வண்டியில் அவனையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பொட்டலத்தை எடுத்து எடுத்துத் தாத்தா கையில் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். அவன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்கு வர மணி இரண்டு ஆனாலும் பரவாயில்லை, காபி போட்டு வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்