ஊரார் காசு போட்டு வாங்கிய ஆட்டக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாஸில் யுனைடெட் லீக் கோப்பையை வென்றதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். அதன் பயிற்சியாளர் எடி ஹாவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: வீரராக இருந்தபோது பெயர் சொல்லும்படி எதையும் சாதிக்காதவர் என்று. அந்த வரி இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கிலாந்தின் தென்கரையில், போர்ன்மத்தில், 2001இலிருந்து வசிக்கிறேன். இங்கே ஒரு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு போஸ்கோமில். கிங்ஸ் பார்க் வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் ஊர்க் கால்பந்து கிளப்பின் டீன் கோர்ட் மைதானம் வந்துவிடும். ஆனாலும் முதல் மூன்று வருடம் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. கால்பந்து எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால்.

2004இல் ஒரு நாள், எங்கள் பிரிவில் மாவுக்கட்டு போடும் டெக்னீஷியன் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். மூடியில் ஓட்டை போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "எடியை வீட்டுக்குக் கூட்டி வர" என்றார். யாரோ நோயாளி என்று நினைத்து 5 பவுண்டு போட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

எடி ஹாவ் இந்த ஊர் கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தவர். தடுப்பாட்டக்காரர். 1995இல் முதல் அணிக்கு வந்தார். அடுத்த சில வருடங்களில் மூன்றாம் டிவிஷன் அளவில் இருந்த போர்ன்மத்துக்கு 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1998இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்காகவும் 2 ஆட்டங்கள் ஆடினார். கீழ் டிவிஷனில் ஆடுகிற பையனை அந்த அணிக்குக் கூப்பிடுவது லேசில் நடக்காது. 2002இல் போர்ட்ஸ்மத் கிளப் அவரை 4,00,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. வாங்கியவர் அதன் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், ஹாரி ரெட்நாப். அங்கே போனதும் ஹாவின் முழங்கால் போய்விட்டது. இரண்டு வருடத்தில் 2 லீக் ஆட்டங்கள், அவ்வளவுதான்.

திரும்பக் கூட்டி வர போர்ன்மத்திடம் பணம் இல்லை. 1997இல் வங்கிக் கடனில் மூழ்கி மூடும் நிலைக்குப் போனபோது, ஊர்க்காரர்கள் வின்டர் கார்டன்ஸ் அரங்கில் கூடி வாளியில் காசு திரட்டிக் காப்பாற்றிய கிளப் இது. அன்று 19 வயது ஹாவும் அந்த அணியில் இருந்தார். 2004இல் அதே ஊர் அவருக்காக மறுபடியும் கையேந்தியது. சில நாட்களில் 21,000 பவுண்டு சேர்ந்தது. அதில் என் 5 பவுண்டும் உண்டு என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஊரார் கொடுத்தது நல்ல முழங்காலுக்காக அல்ல. அது சரியாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மாவுக்கட்டு நண்பர் என்னிடமே சொன்னார், "உங்களால்கூடச் சரிசெய்ய முடியாத கால் அது." தெரிந்தேதான் கொடுத்தார்கள். ஆசிரியர் அவர்களே, பெயர் சொல்லும்படி எதையும் சாதிக்காத ஒருவருக்கு ஒரு ஊர் இப்படிச் செய்யுமா?

ஹாவின் காலுக்கு நான் சிகிச்சை செய்ததில்லை. அது எந்த மாதிரி காயம் என்றும் நான் பேசக்கூடாது. ஆனால் 24, 25 வயதில் முழங்கால் போன பையன்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நடுத் தடுப்பில் ஆடுகிறவர் குதிக்க வேண்டும், ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், எதிராளி திரும்பிய அடுத்த நொடி தானும் திரும்ப வேண்டும். முழு எடையும் முறுக்கோடு முழங்காலில் இறங்கும். குருத்தெலும்பு தேய்ந்தால் தோல் மாதிரி மறுபடி வளராது, அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. எங்கள் அறைக்கு வருகிறவர்கள் முதல் மாதம் கோபமாக இருப்பார்கள், மூன்றாவது மாதம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலர் மட்டும் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். இந்தப் பயிற்சி எதற்கு, ஏன் இத்தனை முறை, வேறு மாதிரி செய்தால் என்ன ஆகும் என்று. அப்படிக் கேட்கிறவர்கள் களத்துக்குத் திரும்பாவிட்டாலும் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஹாவும் அந்த ரகம் என்றுதான் நான் நம்புகிறேன். ஏனென்றால், இன்னும் ஆட்டக்காரராக இருக்கும்போதே போர்ன்மத்தின் ரிசர்வ் (இரண்டாம் நிலை) அணிக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார். 2007இல் ஆட்டத்தை விட்டபோது அவருக்கு 29 வயது.

அதன் பிறகும் பாதை நேராக இல்லை. 2008 பிப்ரவரியில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்குத் தண்டனையாக 10 புள்ளிகள் வெட்டப்பட்டு நான்காம் டிவிஷனான லீக் டூவுக்கு இறங்கியது. அடுத்த சீசன் தொடங்கும்போதே 17 புள்ளிகளைக் கழித்துவிட்டார்கள். ஒரு பந்தைக்கூட உதைக்காமலே கணக்கு மைனஸ் 17. செப்டம்பரில் மேனேஜரை நீக்கினார்கள், அவரோடு ஹாவுக்கும் வேலை போனது. பிறகு சிறுவர் பிரிவில் ஒரு வேலை கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். டிசம்பர் 31 அன்று அடுத்த மேனேஜரும் போய்விட, அந்த நாற்காலியில் தற்காலிகமாக ஹாவை உட்கார வைத்தார்கள். வயது 31. மொத்த லீக்கில் 92 கிளப்புகள், போர்ன்மத் 91ஆவது. கடைசி இரண்டு இடங்களில் சீசனை முடித்தால் அந்த 92இல் இடம் இல்லை. கடனில் இருக்கிற கிளப் அப்படி விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனாலும் வேலையை அவருக்கே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஸ்டீவ் ஃப்ளெச்சரைத் திரும்ப அழைத்தது. ஃப்ளெச்சருக்கு அப்போது 36 வயது. போர்ன்மத்துக்காக அதிக லீக் ஆட்டங்கள் ஆடியவர், ஆனால் எல்லோரும் அவர் காலம் முடிந்தது என்று நினைத்திருந்தார்கள். ஹாவுக்குப் பழைய சக ஆட்டக்காரர். உடை மாற்றும் அறையில் பயந்து போயிருந்த பையன்களுக்கு நடுவே ஒரு பெரியவர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2009 ஏப்ரல் 25, கிரிம்ஸ்பி டவுனோடு ஆட்டம். மாவுக்கட்டு நண்பர் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தார். அதுதான் நான் முழுசாகப் பார்த்த முதல் ஆட்டம். டீன் கோர்ட்டில் அப்போது மூன்று பக்கம்தான் நிரந்தர இருக்கைகள், நான்காவது பக்கத்துக்குப் பணம் போதவில்லை. கிரிம்ஸ்பி முதலில் கோல் போட்டது. என் பக்கத்தில் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல. இரண்டாம் பாதியில் லியம் ஃபீனி சமன் செய்தார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பந்து ஃப்ளெச்சரிடம் வந்தது. உயரமான மனிதர், வேகம் போய்விட்ட கால்கள். அடித்தார், உள்ளே போனது. அந்த முதியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2-1. போர்ன்மத் தப்பித்தது. அந்த மைதானத்தின் ஒரு ஸ்டாண்டுக்கு இன்று ஃப்ளெச்சரின் பெயர்.

அடுத்த சீசனில் புது ஆட்களை வாங்கத் தடை. பெஞ்சை நிரப்பவே ஆள் போதாமல், அந்தச் சின்ன அணியோடு இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். இதை எந்தக் கோடீஸ்வரர் வாங்கிக் கொடுத்தார்? பின்னால் 2011இலிருந்து ஒரு ரஷ்யப் பணக்காரர் வந்தார் என்பது உண்மை, செலவு விதிகளை மீறியதற்கு கிளப் அபராதம் கட்டியதும் உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மைனஸ் 17இலிருந்து எழுந்தது பணம் வருவதற்கு முன்னால்.

நடுவில் 2011 ஜனவரியில் ஹாவ் பர்ன்லி கிளப்புக்கு மேனேஜராகப் போனார். 2012இல் அம்மா இறந்துவிட்டார். அந்த வருடம் அக்டோபரில் போர்ன்மத்துக்கே திரும்பிவிட்டார். பர்ன்லியில் அவர் இடத்துக்கு வந்தவர் ஷான் டைச். அவரும் கீழ் டிவிஷன் தடுப்பாட்டக்காரர்தான், 1997இல் மூன்றாம் டிவிஷனில் இருந்த செஸ்டர்ஃபீல்டை எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்குக் கூட்டிப் போன கேப்டன். இந்த மாதிரி ஆட்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

2013இல் ஒரு படி, 2015இல் இன்னொரு படி ஏறி போர்ன்மத் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு வந்தது. 11,000 பேர் சொச்சம் உட்காரும் மைதானத்தோடு ஐந்து சீசன்கள் தாக்குப்பிடித்தது. 2020இல் கடைசி நாள் எவர்டனை 3-1 என்று வென்றும், ஒரே ஒரு புள்ளியில் கீழே இறங்கியது. ஹாவ் வேலையை விட்டார். ஒரு வருடத்துக்கும் மேல் எங்கேயும் சேரவில்லை.

இனி நியூகாஸில். 2021 அக்டோபரில் சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதி தலைமையிலான குழு 305 மில்லியன் பவுண்டுக்கு அந்த கிளப்பை வாங்கியது. அந்த உரிமையாளர்களைப் பற்றி உங்கள் கட்டுரை கேட்ட கேள்விகள் நியாயமானவை, கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் நவம்பரில் ஹாவ் போனபோது அந்த அணி 11 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காமல் 19ஆவது இடத்தில் இருந்தது. ஜோயெலின்டன் என்ற பிரேசில்காரரை அதற்கு முன்பே 40 மில்லியன் பவுண்டுக்கு முன்கள ஆட்டக்காரராக வாங்கியிருந்தார்கள். கோல் வராததால் ரசிகர்களே அவரைக் கைவிட்டிருந்தார்கள். நார்விச்சோடு நடந்த ஆட்டத்தில் 9ஆவது நிமிடத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஹாவ் ஜோயெலின்டனை நடுக்களத்துக்கு இறக்கினார். அந்த மனிதர் அங்கேயே புதிதாகப் பிறந்தார். ஆள் பற்றாக்குறையில் இருக்கிறவனை வைத்து வேலை வாங்கும் அந்தப் பழக்கம் லீக் டூவில் வந்தது என்று நான் சொன்னால், மறுப்பீர்களா?

2025 மார்ச் 16, வெம்பிளி மைதானத்தில் நடந்த லீக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குச் சற்று முன் கார்னர் அடித்தவர் கீரன் டிரிப்பியர், 2011இல் பர்ன்லியில் ஹாவிடம் ஆடிய பையன். தலையால் முட்டி கோல் போட்டவர் டான் பர்ன். 11 வயதில் நியூகாஸிலே வேண்டாம் என்று அனுப்பிய உள்ளூர்ப் பிள்ளை, சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளியவர், டார்லிங்டன் என்ற சின்ன கிளப்பில் ஆடித் தொடங்கியவர். 2022இல் ஹாவ் அவரை ஊருக்குத் திரும்பக் கூட்டி வந்தார். பெஞ்சில் ஹாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜேசன் டிண்டல், போர்ன்மத் தடுப்பில் அவரோடு ஆடியவர், 2009இல் அவருக்குத் துணைப் பயிற்சியாளரானவர். முன்கள ஆட்டக்காரர் இசாக் இரண்டாவது கோலைப் போட, லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள். 1955க்குப் பிறகு நியூகாஸிலுக்கு முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. 2008இல் போர்ட்ஸ்மத்துக்காக எஃப்.ஏ. கோப்பை வென்ற ரெட்நாப்புக்குப் பிறகு, இப்படி ஒரு பெரிய கோப்பையை வென்ற முதல் ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஹாவ். முழங்கால் போவதற்கு முன் அவரை 4,00,000 பவுண்டுக்கு வாங்கிய அதே ரெட்நாப்.

அந்தக் கோப்பை ஆட்டத்தை மாவுக்கட்டு நண்பர் வீட்டில் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது அவருக்கே இரண்டு முழங்காலும் செயற்கை மூட்டு. விசில் ஊதியதும் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மூடியில் ஓட்டை அப்படியே இருக்கிறது. இப்போது அதில் ஊசி நூல் வைத்திருக்கிறார்கள்.

ஹாவைப் பற்றி மறுபடி எழுதும்போது, தயவுசெய்து அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதுங்கள். வீரராக இருந்த காலத்துக்கு ஒரு பத்தி கொடுங்கள். தேதிகளும் விவரங்களும் வேண்டுமென்றால் கேளுங்கள், பழைய ஆட்டப் புத்தகங்களை நண்பர் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார், பார்த்து அனுப்புகிறேன்.

தங்கள் வாசகி,
ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட்,
போஸ்கோம், போர்ன்மத்