கதவில் பட்ட என் கை

அன்புள்ள கோதண்டம்,

ஏழு மாதங்களாகப் பதில் எழுதாத குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உன் முழங்கால் வலியையும் பேரனின் திருமணத்தையும் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன். இன்று வேறொரு குற்றத்தையும் உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை எங்கள் தெருக்கோடியில் தனியாக வசித்த மூதாட்டி ஒருவர் கூடத்தில் இறந்துகிடந்தார். பீரோ திறந்திருந்தது, கழுத்தில் சங்கிலி இல்லை. காவலர்கள் வருவதற்குள் பாதித் தெரு உள்ளே போய்வந்துவிட்டது. ஒருவர் மின்விசிறியைப் போட்டார். ஒருவர் உடலை நேராகக் கிடத்தி முகத்தைத் துடைத்தார். வேறொருவர் பீரோவை மூடிவைத்தார். எல்லாம் நல்ல மனத்தோடுதான். கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் குப்பை கொட்டிய நானோ, கூட்டத்தை விலக்கும் அவசரத்தில், நிலைக்கதவை முழு உள்ளங்கையால் பிடித்துத் தள்ளினேன். அதே இடத்தில் கொலையாளியின் ரேகை இருந்திருந்தால், அதன்மேல் என் ரேகை படிந்து இரண்டும் உதவாமல் போயிருக்கும். சாக்பீஸ் சாமிநாதன் இதைக் கேட்டால் ஜென்மத்துக்கும் விடமாட்டான்.

நொய்டாவை வைத்து நான் எத்தனை வகுப்பு எடுத்திருப்பேன்! 2008 மே 16 அன்று ஒரு சிறுமி கொலையுண்டு கிடந்த வீட்டுக்குள் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் செய்தியாளர்களும் நடமாடினார்கள்; காவலர்கள் சந்தேகப்பட்டுத் தேடிய வீட்டுப் பணியாளரோ, பூட்டிய கதவுக்கு அப்பால், அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் பிணமாகக் கிடந்தது மறுநாள்தான் தெரிந்தது. 2013இல் அந்தக் கொலைகளுக்காகச் சிறுமியின் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. முதல் நாள் மிதித்து அழித்ததை அப்புறம் எந்த அமர்வு கண்டுபிடித்துத் தரும்?

1991இல் ஸ்ரீபெரும்புதூரில், ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரரின் கேமரா படச்சுருளோடு கிடைத்ததை நீ இன்னமும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வாய். இருக்கட்டும். அந்தக் களேபரத்தில் யாராவது அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால், மாலையோடு காத்திருந்த பெண்ணின் முகம் விசாரணைக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்றும், அதைக் காணொளியில் பதிய வேண்டும் என்றும் இருக்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் உண்டு. வல்லுநர் வரும்வரை வாசலில் கயிறு கட்டி, உள்ளே போனவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள ஒரு காவலர் நிற்காவிட்டால், அந்த வல்லுநர் வந்து எங்கள் தெருவாரின் கால்தடங்களைத்தான் படம்பிடிப்பார்.

கதவிலிருந்து எடுத்த ரேகைகளில் என்னுடையதைக் கழிக்க வேண்டுமே! என் பழைய மாணவன் ஒருவனே வந்து, கூச்சத்தோடு, என் பத்து விரல்களிலும் மை தடவி எடுத்துக்கொண்டு போனான். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீயும் தொலைபேசியில் உளறிவிடாதே.

அன்புடன்,
வைத்தி