யெல்லோநைஃப் – இக்காலுவிட்: தூரமும் தவறு, நேரமும் தவறு

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: விமானத் தூரக் கணிப்புச் சேவையில் உள்ள பிழைகளைத் திருத்தவும், கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருவது.

ஐயா,

வட கனடாவின் யெல்லோநைஃப்பிலிருந்து இக்காலுவிட்டுக்கு உங்கள் கட்டணச் சேவை 'நேரடி, 2,312 கி.மீ., 2 மணி 34 நிமிடம்' என்று காட்டுகிறது. இரண்டுமே தவறு.

முதலில் தூரம். இரு ஊர்களும் வட அட்சம் 62, 64 பாகைக்கு இடையில் இருப்பதால், வரைபடத்தில் கிழக்கே நேர்கோடு போட்டு அளந்திருக்கிறீர்கள். உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதை அப்படிப் போகாது. யெல்லோநைஃப்பில் வடகிழக்காக, வடக்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுமார் 66 பாகைத் திசையில் கிளம்பி, 65 பாகை வட அட்சம் வரை ஏறி, சவுத்தாம்ப்டன் தீவின் மேலாகச் சென்று இறங்கும். அதன் நீளம் ஏறத்தாழ 2,260 கி.மீ. நடுவழியில் உள்ள ராங்கின் இன்லெட் என்ற ஊர் வழியாகப் போனாலும் 2,310 கி.மீ. வரும், ஆகவே அதைத்தான் காட்டினோம் என்று பதில் எழுத வேண்டாம். பக்கத்திலேயே 'நேரடி' என்று போட்டிருக்கிறீர்கள்.

ஐம்பது கி.மீ. போகட்டும். நேரம்தான் பயணியைக் கவிழ்க்கிறது. 2,312-ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் சரியாக 2 மணி 34 நிமிடம்! ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊரவும் நேரமே வேண்டாமா? மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட் என்றாலும், அவற்றுக்கு அரை மணி சேர்த்தால் மூன்று மணியைத் தாண்டும். மேற்கிலிருந்து வீசும் காற்று மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அடித்தால் போவதைவிடத் திரும்பி வருவதற்கு அரை மணிக்கு மேல் கூடும். நீங்கள் இரு திசைக்கும் ஒரே எண்ணைப் போடுகிறீர்கள்.

ராங்கின் இன்லெட்டில் நின்று போகும் ஏ.டி.ஆர். 42 என்ற சுழலி விமானம் என்றால் கணக்கே வேறு. தூரம் கூடுவது ஐம்பது கி.மீ.தான்; ஆனால் மணிக்கு 500 கி.மீ. வேகம், இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், நடுவில் எரிபொருள், குளிர்காலத்தில் இறக்கைப் பனி நீக்கம் எல்லாம் சேர்ந்து ஆறு மணியை நெருங்கும்.

அட்டவணைப் பக்கம் இதைவிட மோசம். இக்காலுவிட் கடிகாரம் யெல்லோநைஃப்பைவிட 2 மணி முந்தி ஓடுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பி உள்ளூர் நேரம் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் விமானத்துக்கு '5 மணி' என்கிறீர்கள். மூன்றரை மணி பறந்து திரும்பினால் 'ஒன்றரை மணி'. இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். ராங்கின் இன்லெட் இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது நேர மண்டலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை நம்பி இணைப்பு விமானம் பதிவு செய்து, அதைத் தவறவிட்டால், இக்காலுவிட்டில் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். அதுவும் வானிலை விட்டால்.

பெருவட்டத் தூரம், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நேரம், நிறுத்த நேரம், விமான வகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுங்கள். திருத்தும் வரை இந்த வழித்தடத்தின் பயண நேரத்தை நீக்கிவிடுங்கள். மீதமுள்ள சந்தாக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பி அனுப்பி, எழுத்துமூலம் பதில் தரவும்.

இப்படிக்கு,
சந்தாதாரர்