பெட்டியில் எழுதினது ஒரு கோணம், உள்ளே இருக்கிற பளிங்கு இன்னொரு கோணம்: எல்பிஓ பளிங்கை மாற்றித் தாருங்கள்

வணக்கம்.

நான் கோண்டாவிலில் ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். போன மாதம் பளிங்கு விற்கிற உங்கள் கொழும்பு அலுவலகத்தில் ஒரு எல்பிஓ (LBO, லிதியம் ட்ரைபோரேற்று) பளிங்குக்கு ஓடர் கொடுத்தேன். முகம் 3 மில்லிமீற்றருக்கு 3, நீளம் 10. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீற்றர் லேசரின் மீடிறனை இரட்டிப்பாக்கி 532 பச்சை எடுக்க வேண்டும், அறை வெப்பநிலையிலேயே வேலை செய்ய வேண்டும், கதிர் பளிங்கின் இசட் அச்சோடு ஆக்குகிற கோணம் தீற்றா 90 பாகை, எக்ஸ் அச்சிலிருந்து விலகுகிற கோணம் பை 11.4 பாகை என்று எழுத்தில்தான் தந்தேன். வந்த பெட்டியின் மேலும் அதே இலக்கங்கள்தான். ஆனால் உள்ளே இருப்பது பை பூச்சியத்துக்கு வெட்டின பளிங்கு. அது 149 செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் நேரே போகிற கதிரில் பச்சை தரும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இரண்டு நாள் மினக்கெட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முதல் நாள் பளிங்கைக் கதிருக்கு நேராக வைத்தேன், மருந்துக்கும் பச்சை இல்லை. லேசரில்தான் பிழையோ என்று நினைத்து, என்னிடம் இருந்த பழைய கேரிபி (KTP) என்ற இன்னொரு இரட்டிப்புப் பளிங்குத் துண்டை அதே இடத்தில் வைத்து, லேசரின் முனைவாக்கத்துக்கு, அதாவது ஒளியலை அதிர்கிற திசைக்கு, 45 பாகையில் திருப்பினேன், பளிச்சென்று பச்சை அடித்தது. அப்போ லேசர் நல்லது. பிறகு உங்கள் பளிங்கைத் திருகுமேசையில் ஏற்றி, முனைவாக்க அச்சைச் சுற்றி மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனேன், 18.5 பாகைக்குக் கிட்ட வரும்போது பச்சை வந்தது. மற்றப் பக்கம் திருப்பினேன், அங்கேயும் அதே 18.5. சினெல்லின் விதிப்படி, முறிவுச் சுட்டி 1.6 என்று போட்டுப் பார்த்தால் வெளியே 18.5 என்பது பளிங்குக்கு உள்ளே ஏறத்தாழ 11.4. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பச்சை வருகிறதென்றால், எக்ஸ் அச்சு முகத்துக்குச் செங்குத்தாக நடுவில் நிற்கிறது, அதாவது பை பூச்சியம் என்றுதான் அர்த்தம். நான் கேட்டபடி வெட்டியிருந்தால் நேராக வைத்த இடத்திலேயே பச்சை வந்திருக்கும், இரண்டு பக்கமும் சமனாக வந்திருக்காது.

இதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன். கதைத்த தம்பி முதலில் "உங்கட லேசருக்குப் பவர் காணாது சேர்" என்றார். கேரிபியில் பச்சை வந்ததைச் சொன்னதும், "அப்ப ஒரு ஓவன் எடுங்கோ, அதுவும் எங்களிட்ட இருக்கு" என்றார். உங்கள் பிழைக்கு நான் இன்னொரு சாமான் வாங்க வேண்டுமா? அதைக் கேட்டு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

பூச்சியக் கோணப் பளிங்கு கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நாள் முழுக்க ஓடுகிற இயந்திரத்துக்கு அதுதான் திறம், பச்சையும் மூலக் கதிரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பளிங்கின் முழு நீளத்துக்கும் சேர்ந்து போகும். ஆனால் வகுப்பு மேசையில் அரை மணித்தியாலம் காட்டுகிற பரிசோதனைக்கு 149 பாகையில் ஓவனா? அதுவும் எல்பிஓ சூடாகும்போது ஒரு அச்சில் விரியும், இன்னொரு அச்சில் சுருங்கும், கெதியாகச் சூடாக்கினால் வெடித்துவிடும். இடையில் கரண்ட் போனால் யார் பொறுப்பு? அதனால்தான் நான் அதைச் சூடாக்கிப் பார்க்கவில்லை. சரி, சரித்து வைத்தே பாவிக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். 10 மில்லிமீற்றர் நீளத்தில் கதிர் உள்ளே 11 பாகை சரிந்து போனால் 2 மில்லிமீற்றர் பக்கத்துக்கு ஒதுங்கும். முகமே 3 மில்லிமீற்றர்தான். ஒரு ஓரத்தால் ஏற்றி மற்ற ஓரத்தால் உரசிக்கொண்டு வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. நேராக வருகிற கதிர் தெறிக்காமல் உள்ளே போகவென்று முகத்தில் போட்ட கோட்டிங்கும் அந்தச் சரிவில் சரியாக வேலை செய்யாது.

இந்தச் சாமானில் கோணம்தான் எல்லாம் என்று விற்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1961 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனும் கூட்டாளிகளும் 694 நானோமீற்றர் ரூபி லேசரைக் குவாட்ஸ் ஊடாக விட்டு முதன்முதலாக 347 நானோமீற்றர் ஒளியை எடுத்தார்கள். அது எவ்வளவு மங்கல் என்றால், ஆய்விதழில் வந்த படத்தில் அந்தப் புள்ளியைத் தூசு என்று நினைத்து அழித்தேவிட்டார்கள். இரண்டு அலைகளும் பளிங்குக்குள் ஒரே வேகத்தில் போகாததால், ஒரு இடத்தில் பிறந்த ஒளியை அடுத்த இடத்தில் பிறந்தது அழித்துக்கொண்டு போனது. அடுத்த வருடமே ஜோர்டுமெய்ன் ஒரு பக்கமும், மேக்கரும் டெர்ஹூனும் இன்னொரு பக்கமும், கேடிபி (KDP) என்ற பளிங்கைச் சரியான கோணத்துக்குத் திருப்பி, அதிர்கிற திசையைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறுகிற இரட்டை முறிவைக் கொண்டே அந்த வேகங்களைச் சமப்படுத்திக் காட்டினார்கள். அதுதான் அவத்தைப் பொருத்தம். அது கிடைக்கிற திசையில் வெட்டித் தருவதற்குத்தான் நான் உங்களுக்குக் காசு தந்தேன்.

எல்பிஓ சும்மா மண்ணில் கிண்டி எடுத்த கல்லும் இல்லை. சீனாவின் பூஜியனில் சென் சுவாங்தியனின் குழு, எந்தப் போரன்-ஒட்சிசன் தொகுதி நல்ல இரட்டிப்பைத் தரும், எது புற ஊதா வரை ஒளியை விடும் என்று கணக்குப் பார்த்துத் தேடி, முதலில் பிபிஓ (BBO) என்ற இன்னொரு போரேற்றுப் பளிங்கையும் 1989 இல் எல்பிஓவையும் உலகத்துக்குக் கொடுத்தது. அவ்வளவு யோசித்து உருவாக்கின ஒன்றை, கடைசியில் பெட்டி மாற்றி அனுப்பிக் கெடுப்பதா? 11.4 என்றால் என்ன என்று என் பிள்ளைகள் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் வெறும் இருட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குக் காசு திரும்ப வேண்டாம். பை 11.4 பாகைக்கு வெட்டின பளிங்கு வேண்டும், அனுப்ப முதல் 1064 லேசரில் நேராக வைத்துப் பார்த்த அளவீட்டை எழுதித் தாருங்கள். திருப்பி அனுப்புகிற கூரியர் காசும், புதுசுக்குச் சுங்கத்தில் ஏதும் கட்ட வேண்டி வந்தால் அதுவும் உங்கள் பொறுப்பு. நான் எடுத்த அளவீடுகளையும் இரண்டு பக்கப் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். சந்தேகம் என்றால் உங்களிடம் இருக்கிற அந்த ஓவனிலேயே இந்தப் பளிங்கை வைத்து, மெதுவாக 149க்கு ஏற்றி, நேராகக் கதிரை விட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு கிழமைக்குள் பதில் தாருங்கள், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தவணைச் சோதனை தொடங்கிவிடும்.